பாஸ்டனைக் காணவில்லை

3 மார்ச் 2025, திங்கள்

புது மடிக்கணினி வந்து மூன்று நாளாகிறது. பாஸ்டன் வீட்டு விலைத் தரவை வைத்து அடுத்த திங்கள் நடத்த வேண்டிய தொடர்புப்போக்குப் பாடத்தை (சில மாறிகளைக் கொண்டு இன்னொன்றைக் கணிப்பது) அதில் ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது: எஸ்கேலேர்ன் (பைத்தான் நிரல்மொழியில் இந்தக் கணக்குகளைப் போடும் தொகுப்பு) என்று எதுவும் இல்லையாம்.

கட்டளை தட்டும் டெர்மினலில் அதே பெயரைச் சொல்லி நிறுவப் போனால், 'அந்தப் பெயரில் கேட்காதே, சைக்கிட் லேர்ன் என்று கேள்' என்கிறது பிப், தொகுப்புகளை நிறுவும் கருவி. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். படங்களைக் கையாளும் சிவி2 தொகுப்பு வேண்டுமென்றாலும் ஓபன்சிவி பைத்தான் என்றுதான் கேட்க வேண்டும். சரி, முறைப்படி கேட்டேன், வந்து இறங்கியது. நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் ஓட்டினால் மறுபடியும் இல்லை. இன்னொரு முறை நிறுவினால், ஏற்கெனவே இருக்கிறது என்கிறது டெர்மினல். இல்லவே இல்லை என்கிறது எடிட்டர். நான்கு முறை இப்படி நடந்த பிறகு அண்ணன் மகனுக்கு போன் செய்தேன்.

"அத்தை, இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. எடிட்டரில் வலது பக்கம், அடியில், என்ன எண் இருக்கிறது பாருங்கள்."

பைத்தான் 3.11. டெர்மினலில் கேட்டால் 3.13. கடைக்காரர் ஏற்றிக் கொடுத்தது ஒன்று, நான் ஆர்வத்தில் நிறுவியது ஒன்று. அரிசி மூட்டை ஒரு வீட்டில் இறங்கியிருக்கிறது, அடுப்பு அடுத்த வீட்டில் எரிகிறது. கண்ட்ரோல், ஷிப்ட், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்டர்பிரட்டரை, அதாவது நிரலை ஓட்டும் பைத்தானை, 3.13க்கு மாற்றினேன், ஓடியது. இனிமேல் வெறுமனே பிப் என்று அடிக்காமல் 'பைத்தான் -எம் பிப்' என்று அடிக்கச் சொன்னான். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறோமோ, பொருள் அதன் வீட்டுக்கே போகுமாம்.

4 மார்ச், செவ்வாய்

இன்றைக்கு முழுக்க என் தவறு. மாதிரி எண்கள் உருவாக்கும் சிறு நிரலை 'ராண்டம்.பை' என்ற பெயரில் சேமித்திருந்தேன். எண் கணக்குத் தொகுப்பான நம்பையின் உள்ளே எங்கோ பைத்தானின் சொந்த ராண்டம் தேவைப்பட, கூப்பிட்ட குரலுக்கு என் கோப்பு போய் நின்றிருக்கிறது. சிவப்பு எழுத்துகளின் நடுவே என் கோப்புறையின் பெயரைப் பார்த்ததும்தான் புரிந்தது. பெயரை மாற்றினேன். பத்து நிமிட வேலை, இரண்டு மணி நேரம் தின்றது.

6 மார்ச், வியாழன்

பாடத்தின் மையமே போய்விட்டது. பாஸ்டன் வீட்டு விலைகளை ஏற்றும் வரியில் இம்போர்ட் எரர், அதாவது ஏற்ற முடியவில்லை என்ற பிழைச்செய்தி. 506 வரிகள், 13 மாறிகள், பதினான்காவதாக விலை. பல ஆண்டுகளாக நான் நடத்தும் உதாரணம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். துறையின் பழைய கணினியில் இன்றும் ஓடுகிறது.

செய்தியின் முதல் வரியில், எஸ்கேலேர்னின் 1.2 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்று இருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பழைய 1.1 பதிப்பை நிறுவினால் தீர்ந்தது என்று குறுக்கு வழியில் இறங்கினேன். 3.13க்கு அந்தப் பதிப்பு ஆயத்தமாகக் கட்டி வைக்கப்படவில்லை. மூல நிரலிலிருந்தே கட்டத் தொடங்கி, திரை திரையாகச் சிவப்பைக் கொட்டிவிட்டு விழுந்தது. அதன் பிறகுதான் பழைய செய்தியின் மிச்சத்தைப் படித்தேன்.

பிழைச்செய்தி என்றால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று இருக்கும். இதில் ஓர் அறப் பிரச்சினை விளக்கப்பட்டிருந்தது. இந்தத் தரவை உருவாக்கியவர்கள், இனவாரியாகப் பிரிந்து வாழ்வது வீட்டு விலையை உயர்த்தும் என்ற அனுமானத்தில் 'பி' (B) என்ற மாறியை அமைத்தார்களாம். அறச் சிக்கல்களைக் கற்பிக்க அல்லாமல் வேறெதற்கும் பயன்படுத்த வேண்டாமாம். மாற்றாகக் கலிபோர்னியா, ஏம்ஸ் வீட்டு விலைத் தரவுகளை ஏற்றும் வழியும் அதிலேயே இருந்தது.

பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பி-க்கு நேரே என் கையெழுத்தில்: "மக்கள்தொகை சார்ந்தது." அவ்வளவுதான்.

7 மார்ச், வெள்ளி

சூத்திரத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு பகுதியில் கறுப்பினத்தவரின் விகிதத்திலிருந்து 0.63ஐக் கழித்து, வர்க்கமாக்கி, 1000ஆல் பெருக்க வேண்டும். கறுப்பினத்தவர் ஒருவருமே இல்லாத பகுதிக்கு 396.9. தரவின் உச்சமும் அதுதான். எத்தனையோ வரிகளில் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன், ஏன் இது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

விகிதம் கூடக் கூட மதிப்பு இறங்கி, 0.63இல் சுழியாகி, பிறகு ஏறுகிறது. அதாவது கறுப்பினத்தவர் குடிவரக் குடிவர விலை சரியும், ஓர் எல்லையைத் தாண்டினால் மீளும் என்ற முடிவை அளக்கும் முன்பே மாறிக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு வர்க்கம் வேறு: 0.53 என்றாலும் 10, 0.73 என்றாலும் 10. பி-யை வைத்துக்கொண்டு அசல் விகிதத்துக்குத் திரும்பச் சில வரிகளில் வழியில்லை.

1978இல் ஹாரிசனும் ரூபின்ஃபெல்டும் இந்தத் தரவை வைத்து எழுதிய கட்டுரை உண்மையில் காற்று மாசைப் பற்றியது. தூய காற்றுக்கு மக்கள் எவ்வளவு விலை கொடுப்பார்கள் என்பதே கேள்வி. நைட்ரிக் ஆக்சைடு மாசைக் காட்டும் மாறியைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசுவது வழக்கம்.

9 மார்ச், ஞாயிறு

கலிபோர்னியா ஏறிவிட்டது. 20,640 வரிகள், 8 மாறிகள், 1990 கணக்கெடுப்பிலிருந்து. முதல் முறை இணையத்திலிருந்து இறங்குகிறது, அதன் பிறகு கணினியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே வகுப்பறை இணையத்தை நம்பாமல் வீட்டிலேயே இறக்கி வைத்தாயிற்று. நேர்கோட்டுப் பொருத்தத்தில் ஆர்-வர்க்கம் (விலை வேறுபாட்டில் எவ்வளவை அந்தப் பொருத்தம் விளக்குகிறது என்ற அளவு) 0.6 வாக்கில் வந்தது.

இந்த முறை வரைபடத்தைப் போட்டுவிட்டு உடனே மூடவில்லை. விலைகள் 5 லட்சம் டாலரில் சுவரில் முட்டியதுபோல் கும்பலாக நிற்கின்றன. அதற்கு மேற்பட்டவற்றை அங்கேயே வெட்டியிருக்கிறார்கள். பாஸ்டனிலும் 50 ஆயிரத்தில் இதே வெட்டு உண்டு. அதையும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

குறிப்பேட்டின் பாஸ்டன் பக்கத்தைக் கிழிக்கவில்லை. பக்கத்தின் அடியில் நாளைக்கு முதல் கேள்வியை எழுதினேன்: "பி-யின் மதிப்பு 10. விகிதம் என்ன?" ஒரு விடை மட்டும் எழுதி நிறுத்துபவர்களுக்குப் பாதி மதிப்பெண்.