விளையாட்டில் முதலிடம், மாட்யூலில் பி மைனஸ்

முந்தாநாள் முடிவு வந்தது. தொழில்முனைவு மாட்யூலில் மூன்று விளையாட்டிலும் எங்கள் டீம்தான் முதலிடம். எனக்குக் கிடைத்தது பி மைனஸ். பீர் கேமில் (கடையிலிருந்து ஆலைவரை ஆளுக்கொரு இடத்தில் இருந்து ஆர்டர் போட்டுச் சரக்கை நகர்த்தும் விளையாட்டு) மொத்தமாகக் கவிழ்ந்த டீமில் இருந்த தோழிக்கு ஏ. பொருமித் தீர்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விளையாட்டுப் புள்ளிக்கு 10 சதவீதம். அதைப் பற்றி எழுதும் அனுபவக் கட்டுரைக்கு 40. முதல் வாரமே கொடுத்த தாளில் இது இருந்தது. படித்தேன், மண்டையில் ஏறவில்லை. கேரம் போர்டில்கூடத் தோற்கப் பிடிக்காத ஆள் நான்.

5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 5 வெள்ளி, இரண்டு மணி நேரம்; முடிந்தவரை சம்பாதிக்க வேண்டும். நேர்முகத் தேர்வு வாரம் என்பதால் விடுதியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தோம். சட்டைக்கு 2 வெள்ளி, மொத்தம் 38. குதித்தோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டீனா சீலிக் என்ற பேராசிரியர் இதே விளையாட்டை வைத்தபோது ஒரு டீம் 5 டாலரைத் தொடவே இல்லை. செய்ததை வகுப்பில் எடுத்துச் சொல்லத் தங்களுக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தை, மாணவர்களை வேலைக்கு எடுக்க நினைத்த நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றுவிட்டது. பணத்தையே மூலதனம் என்று நாங்கள் ஏன் நினைத்தோம்? கட்டுரையில் கேட்டது அதைத்தான். நான் எழுதியது ‘வென்றது எப்படி’ என்று நான்கு பக்கம்.

தோழி பீர் கேமில் மொத்த வியாபாரி. வாடிக்கையாளர் கேட்பது வாரம் 4 பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து 8, கடைசிவரை அவ்வளவுதான். ஆனால் அது சில்லறைக் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது, சரக்கு வரத் தாமதம். இவள் பயந்து ஆர்டரை ஏற்றிக்கொண்டே போனாள்; பிறகு எல்லாம் ஒன்றாக வந்து குவிந்தது. அன்று மாலை எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே நோட்டில் எழுதினாளாம்: ‘ஒன்பதாம் வாரம், 24 பெட்டி, காரணம் பயம்.’ அந்த ஒரு வரியிலிருந்துதான் அவளுடைய கட்டுரையே வந்தது. நான் மூன்று வாரம் கழித்து உட்கார்ந்தேன். எந்த வாரம் எத்தனை பெட்டி கேட்டேன் என்பதே நினைவில்லை.

சரி, எடுக்கப்போகிறவர்களுக்கு:

- ஒவ்வொரு முடிவையும் அன்றே எழுதுங்கள். எண், காரணம், அப்போதைய மனநிலை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.
- மூன்றாவது விளையாட்டு மார்ஷ்மெல்லோ கோபுரம்: ஸ்பகெட்டிக் குச்சிகளில் உயரமாகக் கட்டி, உச்சியில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயை நிறுத்த வேண்டும். 18 நிமிடம், 20 ஸ்பகெட்டி. ஐந்தாம் நிமிடமே மார்ஷ்மெல்லோவை உச்சியில் வைத்துப் பாருங்கள். கடைசியில் வைத்தால் சாயும்.
- தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த சாரஸ் சரஸ்வதியின் 2001 கட்டுரையைக் கண்டிப்பாகப் படியுங்கள். எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட எவ்வளவு போனால் தாங்குவோம் என்று கேட்கிற பகுதி போதும்.
- எல்லாவற்றிலும் ஜெயிக்கிற டீமில் சேராதீர்கள். எழுத ஒன்றும் இருக்காது. (இது வயிற்றெரிச்சல் என்று தோழி சொல்கிறாள். இருக்கலாம்.)

ஒரு தொழில் யாருக்கு விற்கும், எப்படிச் சம்பாதிக்கும் என்று ஒரே பக்கத்தில் நிரப்பும் வணிக மாதிரிப் படத்தின் ஒன்பது கட்டங்களுக்கு ஒரு மாலை போதும், அலட்ட வேண்டாம்.

இந்த மதிப்பெண்ணை எஸ்/யூவில் (கிரேடு இல்லாமல் தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டும் பதிவாகும் முறை) தள்ளுவதா, அப்படியே விடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும். புது நோட்டில் முதல் பக்கம் அதுதான்: ‘தள்ளலாம். காரணம், ரோஷம்.’ நாளை மறுபடி படித்துப் பார்க்கிறேன்.