அந்தப் புள்ளைக்குப் பாஸ்போட் குடுத்திட்டாங்களா?

2024 ஓகஸ்ட், பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் 3000 மீற்றர் தடைதாண்டல் இறுதி ஓட்டம். நமக்கு அது நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன், புழுக்கத்தில் நித்திரை வராமல் அம்மாவும் எழும்பி வந்து பக்கத்தில் குந்தினார். கடைசி நேர்கோட்டில் உகண்டாவின் பெருத் செமுதாய் முன்னால் போகிறார், அவர்தான் வெல்லப்போகிறார் என்று நினைக்கும்போதே பின்னாலிருந்து ஒரு பெண் வந்து எட்டிப் பிடித்துக் கடந்து போய்விட்டார். வின்ஃப்ரெட் யாவி. 8 நிமிடம் 52.76 செக்கன், ஒலிம்பிக் சாதனை.

பெயருக்குப் பக்கத்தில் வந்த கொடியைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "இது பஹ்ரைன் கொடியெல்லா மனே?" பதினொரு வருடம் அங்கே வீட்டு வேலை செய்தவர். ஓம், ஆனால் அந்தப் பிள்ளை கென்யாவில் பிறந்தது, பதின்ம வயதிலேயே பஹ்ரைனுக்குப் போய் அவர்களுக்காக ஓடுகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தப் புள்ளைக்குப் பாஸ்போட் குடுத்திட்டாங்களா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நாடு மாறி ஓடுகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் காசைப் பற்றியும் துரோகத்தைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். பாஸ்போட்டைப் பற்றி என் அம்மாதான் கேட்டார், ஏனென்றால் பதினொரு வருடத்தில் அவருடைய பாஸ்போட் அவர் கையில் இருந்தது விமானம் ஏறும் நாட்களில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அது முதலாளியின் அறையில், பூட்டின அலுமாரிக்குள். பஹ்ரைன் சட்டப்படி அரபியர் அல்லாத ஒருவர் 25 வருடம் தொடர்ந்து அங்கே வாழ்ந்தால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், கட்டாரிலும் அதே 25தான். வீட்டு வேலைக்குப் போன நம் ஆட்களில் அப்படி ஒருவர் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வேகமாக ஓடக்கூடிய பிள்ளைக்கு மட்டும் அந்தக் கணக்கு சுருங்கிவிடுகிறது.

இதில் நான் மறக்காத ஆள் ஸ்டீபன் செரோனோ. கென்யாக்காரர், 2003இல் கட்டாருக்கு மாறி சைஃப் சயீட் ஷஹீன் ஆனார். வாழ்நாள் முழுக்க மாதம் 1,000 டொலர் என்ற பேச்சில் போனார் என்று அப்போது செய்திகள் வந்தன. மாறிய கொஞ்ச நாளிலேயே பாரிஸ் உலக சம்பியன்ஷிப்பில் தடைதாண்டலில் தங்கம், அதே இறுதி ஓட்டத்தில் அவருடைய சொந்த அண்ணன் ஆபிரகாம் கென்யா உடுப்பில் ஓடிக்கொண்டிருந்தார். இன்னொரு அண்ணன் கிறிஸ்டோபர் கொஸ்கெய் 1999இல் இதே ஓட்டத்தில் கென்யாவுக்காக உலக சம்பியன். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கொடி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஷஹீன் ஓடக் கென்யா அனுமதி கொடுக்கவில்லை. அந்த ஒலிம்பிக் முடிந்த சில நாட்களிலேயே பிரசல்ஸில் 7 நிமிடம் 53.63 செக்கனில் உலக சாதனை வைத்தார், அது 2023 வரை, கிட்டத்தட்ட 19 வருடம் நின்றது. ஒலிம்பிக்கில் மட்டும் அவர் ஒருநாளும் ஓடவில்லை. அந்தக் காலத்தில் கென்யச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவும் இல்லை, 2010 அரசியலமைப்புக்குப் பிறகுதான் அது வந்தது. அதாவது கட்டார் கொடுத்த கடதாசியைக் கையில் வாங்கும்போதே பிறந்த ஊர் கொடுத்த கடதாசியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அப்புறம் லெனார்ட் முச்செரு. அவரும் கென்யர்தான், பஹ்ரைனுக்குப் போய் முஷீர் சலேம் ஜவ்ஹர் ஆனவர். 2007 ஜனவரியில் இஸ்ரேலில் நடந்த திபேரியா மரதனில் ஓடி முதலாவதாக வந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. இஸ்ரேலுக்குப் போய் ஓடியதற்காகவே பஹ்ரைன் அவருடைய குடியுரிமையைப் பறிப்பதாக அறிவித்துவிட்டது. அந்த நேரம் அந்த மனிசன் எந்த நாட்டுக்காரன் என்று யோசித்துப் பாருங்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. கபீலுக்கு, அதாவது விசா எடுத்துக் கொடுத்த முதலாளிக்கு, பிடிக்காத ஒரு காரியம் செய்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இதனால் போகிறவர்களை நான் குறை சொல்கிறேன் என்று எடுத்துவிட வேண்டாம். கென்யாவில் தடைதாண்டலுக்குத் தெரிவாவது ஒலிம்பிக்கில் இறுதிக்கு வருவதைவிடக் கஷ்டம் என்று சொல்லுவார்கள், ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒருவருக்குப் பக்கத்து வாசல் திறந்தால் அவர் போவார், போகத்தான் வேண்டும். துரோகி என்று கத்துகிறவர்கள் அந்தப் பிள்ளை ஓடிய காலத்தில் என்ன கொடுத்தார்கள்? நம்முடைய சுசந்திகா ஜயசிங்க, 2000 சிட்னியில் 200 மீற்றரில் பதக்கம் எடுத்தவர், 2017இல் அந்தப் பதக்கத்தையே விற்கப்போவதாகச் சொல்லும் நிலைக்கு வந்தார். பதக்கம் எடுத்தவரின் கதை அது. எடுக்காதவர்களின் கதை எப்படி என்று எனக்குத் தெரியும்.

என்னோடு படித்த ஒருவன் இருந்தான், பெயர் வேண்டாம். நான் 1500 ஓடினேன், அவன் 800. பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு சோடி ஸ்பைக்ஸ், ஓடுவதற்கான ஆணிச் சப்பாத்து, அளவு எட்டு. மாகாண மட்டப் போட்டி கந்தளாயில். என் 1500 முடிந்ததும் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே குந்தி, மூச்சு வாங்க வாங்க லேஸை அவிழ்ப்பேன், சேர் அதைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கால் ஓடிப்போய் அவனிடம் கொடுப்பார். என் வேர்வை ஈரத்தோடேயே அவன் காலை விடுவான். அவனுக்கு அது ஒரு அளவு பெரிது, பெருவிரலுக்கு முன்னால் பஞ்சு வைத்துக் கொள்ளுவான். அப்படி ஓடி தேசிய மட்டத்துக்கும் போனான், கொழும்பு சுகததாச மைதானத்தில் இறுதி ஓட்டத்தில் ஆறாவது.

அதற்குப் பிறகு அவனுக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு வாசல். இந்த நாட்டில் ஓடுகிற பிள்ளைக்குச் சம்பளமும் சாப்பாடும் பயிற்சியும் சேர்த்துக் கிடைக்கிற இடம் பெரும்பாலும் படைகளின் விளையாட்டுக் கழகங்கள்தான். கொழும்பில் வைத்து அவனையும் கேட்டார்கள். யுத்தம் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அவனுடைய அம்மா ஓம் என்று சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை. அடுத்த வருடம் அவன் கட்டாருக்குப் போனான். செக்கியூரிட்டி வேலை, பன்னிரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும்.

2019இல் டோஹாவில் உலக சம்பியன்ஷிப் நடந்தபோது, கதிரைகள் நிரம்பவில்லை என்று தொழிலாளர்களுக்குச் சும்மா டிக்கெட் கொடுத்தார்கள், அவனுக்கும் ஒன்று கிடைத்தது. கலீஃபா மைதானத்துக்குள்ளிருந்து எனக்கு வீடியோ கோல் எடுத்தான். வெளியில் நெருப்பு வெக்கை, உள்ளே ஏசி. 400 மீற்றர் தடைதாண்டலில் அப்துர்ரஹ்மான் சம்பா மூன்றாவதாக வந்தார், முன்பு மொரிட்டானியாவுக்காக ஓடியவர், இப்போது கட்டார். அவன் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மனிசனுக்காகக் கத்தினான், தொண்டை அடைத்துப் போகும் அளவுக்கு. பொறாமை ஒரு துளியும் இல்லை. நான்தான் இங்கே விறாந்தையில் இருந்து பார்த்து அழுதேன். அவனும் கட்டாருக்குத்தான் போனான், சம்பாவும் கட்டாருக்குத்தான் போனார்.

இதற்கிடையில் இந்தத் தீவிலிருந்தே வேறு விதமாகவும் போயிருக்கிறார்கள். 2004இல் இலங்கை கைப்பந்தாட்ட (ஹேண்ட்போல்) அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனிக்குப் போய்க் காணாமல் போனார்கள், அப்படி ஒரு தேசிய அணியே நம்மிடம் இருக்கவில்லை. ஆனால் யுபுன் அபேகோன் பல வருடமாக இத்தாலியில் இருந்து பயிற்சி எடுத்தும், 2022இல் 9.96 செக்கனில் 100 மீற்றர் ஓடி, பத்து செக்கனுக்குள் வந்த முதல் தெற்காசியர் ஆனபோது நம் கொடியில்தான் ஓடினார். அவரை நினைத்து எனக்குப் பெருமைதான். அதற்காக எல்லாரும் அவரைப் போல இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2017 பெப்ரவரியில் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் நாடு மாறுவதையே நிறுத்தி வைத்தது, 2018 ஜூலையில் புது விதிகளோடு திறந்தது. ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக ஓடியவர் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், 20 வயதுக்கு முன் மாற முடியாது, ஒருவர் ஒரு தடவைதான் புது நாட்டுக்கு மாறலாம். இன்னொன்றும் உண்டு, நான் முக்கியமாக நினைப்பது அதைத்தான்: எடுக்கிற நாடு முழுக் குடியுரிமையும் அதற்குரிய உரிமைகளும் கொடுக்கிறதா என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நல்ல விதி, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த ஆதாரத்தை அந்தப் பிள்ளை பதக்கம் எடுக்கும் வயதில் மட்டும் பார்த்தால் போதாது. கென்யாவில் பிறந்த ரூத் ஜெபெட் 2016 ரியோவில் இதே 3000 மீற்றர் தடைதாண்டலில் பஹ்ரைனுக்குத் தங்கம் எடுத்தபோது வயது 19. பிறகு ஊக்கமருந்தில் பிடிபட்டு நான்கு வருடத் தடை வந்தது. அவர் செய்தது பிழைதான். ஆனாலும் ஓட முடியாமல் போன ஒருவரிடம் அந்தப் பாஸ்போட் என்ன ஆகிறது, அவருக்கு ஒரு வீடு, ஒரு வேலை, பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் அங்கே கிடைக்கிறதா என்று ஓட்டம் நின்று பத்து வருடம் கழித்தும் போய்ப் பார்க்க வேண்டும். கொடுத்த நாடு அதற்குப் பதில் சொல்லும் வரைக்கும் அடுத்த ஆளை எடுக்க விடக் கூடாது.

போன கிழமை அம்மாவுக்கு இந்த விதியை வாசித்துக் காட்டினேன். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவர், சுளகைத் தள்ளி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். தன்னுடைய ஒப்பந்தத்திலும் கிழமைக்கு ஒரு நாள் லீவு என்று எழுதியிருந்ததாகச் சொன்னார், ஏஜென்சிக்காரன் அதை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினானாம். முதல் இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

"எழுதிறது சரி மனே," என்றார். "அங்க போய் ஆரு பாக்கிற?"