450 மி.மீ. டிரோனுக்கு இரண்டு அச்சு கிம்பல்: செய்து, பறக்கவிட்டுப் பார்த்தது

கிம்பல் என்பது டிரோன் சாய்ந்தாலும் கேமராவைச் சாயாமல் மோட்டாரால் பிடித்து வைக்கும் தாங்கி. எடுத்துக்கொண்டது 450 மி.மீ. குவாட், அதாவது நான்கு மோட்டார் டிரோன். 10 அங்குல இறக்கைகள் (புரொப்பல்லர்), 3 செல் லைப்போ பேட்டரி, 120 கிராம் எடையுள்ள ஆக்‌ஷன் கேமரா. கேமராவை நேராகத் தட்டில் கட்டிப் பறக்கவிட்டால் மூன்று கோளாறுகள் தெரியும். முன்னே போக டிரோன் மூக்கைத் தாழ்த்தும்போது தொடுவானம் மேலே ஏறும். பக்கவாட்டில் சாயும்போது படமே சாயும். இவை போதாதென்று, நேர்க்கோடுகள் எல்லாம் ஜெல்லி போல நெளியும். முதல் இரண்டையும் கிம்பல் மோட்டார் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதில் மோட்டாருக்கு வேலையே இல்லை. அது, டிரோனுக்கும் கிம்பலுக்கும் இடையே உள்ள இரு தட்டுகளை இணைக்கும் ரப்பர் உருண்டைகளின் பொறுப்பு. மோட்டாரின் வேலையையும் உருண்டையின் வேலையையும் ஒன்றாக நினைப்பதால்தான், உருண்டையை மாற்ற வேண்டிய இடத்தில் மென்பொருளில் எண்களை மாற்றிக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார நேர்கிறது.

கேமராவை இடமும் வலமும் திருப்பும் மூன்றாவது அச்சு வேண்டாம் என்று முடிவு. அதற்கு இன்னொரு மோட்டாரும் கையும் சேர்த்தால் எடை கூடும், உயரம் கூடும், தரையிறங்கும் கால்களையும் நீட்ட வேண்டும். மெதுவாகத் திருப்பி எடுக்கும் படங்களுக்கு பிட்ச், ரோல் இரண்டும் போதும். பிட்ச் என்பது கேமரா மேலும் கீழும் தலையாட்டும் அச்சு. ரோல் என்பது இடவலமாகத் தோள் சாய்க்கும் அச்சு.

மோட்டார்கள் இரண்டும் 2208 அளவுள்ள (சுருள் பகுதி 22 மி.மீ. விட்டம், 8 மி.மீ. உயரம்) கிம்பல் மோட்டார்கள். பறக்க வைக்கும் பிரஷ்லெஸ் மோட்டாரை இங்கே போடக்கூடாது. அதில் தடித்த கம்பி சில சுற்றுகள்தான் இருக்கும், மின்தடை ஒரு ஓமில் சிறு பங்கு. நகராமல் பிடித்து நிறுத்தினால் மின்னோட்டம் எகிறிச் சுருள் கருகிவிடும். கிம்பல் மோட்டாரில் மெல்லிய கம்பி பல சுற்றுகள் இருப்பதால் மின்தடை 10 ஓம் அளவில் வரும். வாங்கியதும் மல்டிமீட்டரை எடுத்து மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஸ்க்ரூ சுருளைத் தொட்டிருக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. மோட்டாரின் அடியில் உள்ள துளைகளுக்கு நேர் மேலே சுருள் இருப்பதால், தகட்டின் தடிமனைக் கழித்து 3 மி.மீ.க்கு மேல் உள்ளே போகாத ஸ்க்ரூவாகப் பார்த்துப் போட்டோம். நீளமாக இருந்தவற்றுக்கு வாஷர் கொடுத்து ஏற்றினோம்.

கிம்பலின் கைகள் முதல் சுற்றில் 4 மி.மீ. தடிமனில், பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் எடுத்தவை. பார்க்க உறுதியாகத்தான் இருந்தன. கேமராவின் ஓரத்தை நகத்தால் தட்டினால் கை மெல்ல அதிர்ந்து அடங்கியது; அந்த அடங்கும் நேரம்தான் பின்னால் பெரிய தொல்லையானது. வளையும் கை ஒரு ஸ்பிரிங். சென்சாரைப் பார்த்து மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோலர் தள்ளுகிறது, கை வளைகிறது, கேமரா தாமதமாக நகர்கிறது, சென்சார் அதைத் தாமதமாகச் சொல்கிறது, கண்ட்ரோலர் இன்னும் பலமாகத் தள்ளுகிறது. மென்பொருளில் எண்களை எவ்வளவு குறைத்தாலும் அந்த நடுக்கம் போகவில்லை. போதாக்குறைக்கு பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகும். வெயிலில் நின்ற டிரோனில், சூடான மோட்டாருக்குக் கீழே அதை வைப்பது சரியல்ல. இரண்டாம் சுற்றில் 2 மி.மீ. அலுமினியத் தகட்டை 25 மி.மீ. அகலத்தில் வெட்டி, ‘ட’ வடிவில் மடக்கினோம். அதே தட்டலுக்கு ‘டக்’ என்று ஒரே சத்தம், அதிர்வு இல்லை. மோட்டார் உட்காரும் துளைகளை வட்டமாகப் போடாமல் 10 மி.மீ. நீளக் காடியாக அரத்தால் ராவி வைத்தது பின்னால் பேலன்ஸ் செய்யக் கைகொடுத்தது.

பேலன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மின்சாரம் கொடுக்காமல், மோட்டார் வயர்களைக் கண்ட்ரோலரில் இருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கேமராவில் பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் மூடி, ஃபில்டர் என்று பறக்கும்போது இருக்கும் எல்லாமும் இருக்க வேண்டும். முதலில் பிட்ச், பிறகு ரோல். கேமராவை நேராகப் பிடித்து விட்டால் அப்படியே நின்றது, பேலன்ஸ் முடிந்தது என்று நினைத்துவிடலாம். அது பாதி வேலைதான். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி திருப்பி விட்டுப் பாருங்கள். மேலும் குப்புற விழுந்தால் எடை மையம் அச்சுக்கு மேலே இருக்கிறது. ஊஞ்சல் போலத் திரும்பி வந்தால் கீழே இருக்கிறது. எங்கள் கேமரா 2 மி.மீ. கீழே இருந்தது. 120 கிராமுக்கு 2 மி.மீ. என்றால் 24 கிராம்-செ.மீ. முறுக்கு, லென்ஸைக் கீழே சாய்த்து வைத்திருக்கும் நேரமெல்லாம் மோட்டார் அந்தச் சுமையை வீணாகத் தாங்கிக்கொண்டிருக்கும். கேமராவுக்கு அடியில் 1 மி.மீ. பிளாஸ்டிக் துண்டு இரண்டு வைத்ததும் சரியானது. எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே நிற்க வேண்டும். எடையைச் சரிசெய்த பிறகும் எப்படி விட்டாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்றால் வயரைப் பாருங்கள்.

சென்சாரோடு வந்த நான்கு வயர் கேபிள் விறைப்பாக இருந்தது. அதை எடுத்துவிட்டு மெல்லிய சிலிக்கான் வயர் போட்டு, அச்சைச் சுற்றி ஒரு தளர்வான சுற்று விட்டுக் கட்டினோம். சென்சார் எம்பியூ6050 (ஜைரோவும் முடுக்கமானியும் சேர்ந்த சில்லு), கேமரா தட்டின் பின்புறம், அச்சுகளுக்கு இணையாக. டிரோனைப் பறக்க வைக்கும் ஃப்ளைட் கண்ட்ரோலருக்குப் போடுகிற பழக்கத்தில் இதற்கும் பஞ்சு டேப் ஒட்டத் தோன்றும். கூடாது. இந்தச் சென்சார் கேமராவின் அசைவை அப்படியே சொல்ல வேண்டும். நடுவே பஞ்சு இருந்தால் தாமதம் வரும், வளையும் கை செய்த அதே கோளாறு இங்கேயும் வரும். நைலான் ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம்.

இதே வயரில்தான் அடுத்த சிக்கல். மேஜையில் நன்றாக வேலை செய்த கிம்பல், சில நிமிடங்களில் திடீரென்று உறைந்து நின்றது. மென்பொருளில் ஐ-டூ-சி (சென்சார் கண்ட்ரோலரோடு பேசும் தகவல் வழி) பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சென்சார் வயரும் மோட்டார் வயரும் ஒரே கட்டாகப் போயிருந்தன. மோட்டாரின் மின்துடிப்புகள் சென்சார் தகவலைக் கலைத்துவிட்டன. இரண்டையும் கையின் எதிரெதிர்ப் பக்கம் பிரித்தோம். தகவல் வயரைத் தரை (நெகட்டிவ்) வயரோடும், கடிகார வயரைப் பாசிட்டிவ் வயரோடும் முறுக்கினோம். மோட்டார் வயர்களை ஒரு ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றினோம். நீளத்தை 20 செ.மீ.க்குள் கொண்டுவந்தோம். அதன்பின் அரை மணி நேர ஓட்டத்தில் பிழை பூஜ்யம். இந்த எண் பூஜ்யமாக இல்லாமல் டிரோனை மேலே அனுப்பக்கூடாது. ஒன்றிரண்டுதானே என்று விட்டால் காற்றில் உறையும்.

இனி உருண்டைகள். இந்த டிரோன் அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 (90 ஹெர்ட்ஸ்). கேமராவும் கிம்பலும் தொங்கும் தட்டின் இயல்பு அதிர்வெண் இதைவிட வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். அதை அறிய எளிய வழி இருக்கிறது. சுமையை மாட்டும் முன்னும் பின்னும் இரு தட்டுகளின் இடைவெளியை வெர்னியரால் அளந்து, எத்தனை மி.மீ. இறங்கியது என்று பார்க்க வேண்டும். 15.8-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். ரப்பர் வேகமான அசைவில் இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் உண்மை அளவு இதைவிடச் சற்று மேலேதான் இருக்கும்; ஆனாலும் ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

கறுப்பு நிறக் கடின உருண்டைகள் நான்கில் 0.3 மி.மீ. இறக்கம். கணக்குப்படி 29 ஹெர்ட்ஸ். 90 ஹெர்ட்ஸ் அதிர்வில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேமராவுக்குப் போகும்; படத்தில் நெளிவு அப்படியே தெரிந்தது. மிக மென்மையானவற்றில் 4 மி.மீ. இறக்கம், 8 ஹெர்ட்ஸ். நெளிவு போனது, ஆனால் பிரேக் பிடிக்கும்போது கேமரா தட்டே முன்னும் பின்னும் ஆடியது, கிம்பலும் அதோடு சேர்ந்து மல்லுக்கட்டியது. நடுத்தர உருண்டைகளில் 1.5 மி.மீ., ஏறக்குறைய 13 ஹெர்ட்ஸ். அதிர்வில் 2 சதவீதம்தான் கடக்கும். இதையே வைத்துக்கொண்டோம். உருண்டை எதுவாக இருந்தாலும் இரு தட்டுகளுக்கும் இடையே தளர்வாக இரண்டு கேபிள் டை அவசியம். உருண்டை துளையிலிருந்து நழுவினால் கேமராவைத் தாங்க வேறு எதுவும் கிடையாது.

மென்பொருளுக்கு இவ்வளவும் முடிந்த பிறகுதான் போனோம். மோட்டாரின் காந்தங்களை எண்ணினால் 14. துருவ எண்ணிக்கையில் அதைக் கொடுக்க வேண்டும். பவர் 60-இல் தொடங்கி, விரலால் அழுத்தினால் மோட்டார் படி தவறாத அளவுக்கு ஏற்றினோம். குறைவாக இருந்தால் கேமரா திடீரென்று துள்ளி விழும். அதிகமாக இருந்தால் சூடு, அதுவும் வர்க்கத்தில் ஏறும்: பவரை இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 10.5-க்கு இறங்கும்போது மோட்டாரின் பிடியும் ஆறில் ஒரு பங்கு குறையும் என்பதால், முழுச் சார்ஜில் அல்ல, பாதி தீர்ந்த பேட்டரியில் இதை வைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து, கோணம் விலகும்போது மோட்டார் எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லும் மூன்று எண்கள்: பி விலகலின் அளவுக்கும், டி அது மாறும் வேகத்துக்கும், ஐ அது நீடிக்கும் நேரத்துக்கும். பி 10, டி 10, ஐ 0.01 என்று தொடங்கி, பி-யை மட்டும் மெதுவாக ஏற்றினோம். கேமரா நடுங்கத் தொடங்கியதும் டி-யைக் கொஞ்சம் கூட்டினால் நடுக்கம் அடங்கும். மறுபடி பி. இப்படி மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வண்டு ரீங்காரம் போல மெல்லிய இரைச்சல் கேட்கும். டி அளவு மீறிவிட்டது என்று பொருள். அங்கிருந்து கால் பங்கு இறக்கிவிட்டு ஐ-யை ஏற்றலாம். லென்ஸ் நேராக இருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது, தரையைப் பார்த்தபடியும் ரீங்காரம் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

பறக்கவிடும் முன் தரையிலேயே ஒரு சோதனை. இறக்கைகளைக் கவிழ்த்து மாட்டி, ஒவ்வொன்றையும் அடுத்த மோட்டாருக்கு மாற்றினால் காற்று மேல்நோக்கித் தள்ளும், டிரோன் தரையோடு அழுந்தும். கால்களையும் கட்டிவிட்டு, தள்ளி நின்று, அந்தர நிலைக்கான வேகத்தில் 30 நொடி ஓட்டிப் படம் எடுத்தோம். கேமராவின் மின்னணு நிலைப்படுத்தலை அணைத்து, ஷட்டர் 1/1000-இல். வேகமான ஷட்டரில்தான் நெளிவு ஒளிந்துகொள்ளாது. கொஞ்சம் மிச்சமிருந்தது, இறக்கைகளைப் பேலன்ஸ் செய்து, எடை குறைந்த இதழில் செலோ டேப் ஒட்டியதும் மறைந்தது.

மேலே அனுப்பியதில் அந்தர நிலை, முன்னோக்கிய ஓட்டம், திடீர் பிரேக் மூன்றும் சுத்தம். நீண்ட வட்டத்தில்தான் தொடுவானம் மெல்லச் சாய்ந்தது. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் பக்கவாட்டு முடுக்கம் 3.2 மீ/நொடி², சென்சாருக்கு ‘கீழே’ என்பது 18 டிகிரி தள்ளித் தெரியும். ‘கீழே’ எது என்று காட்டும் முடுக்கமானியை நம்பும் அளவைக் குறைத்து, சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோவை நம்பும் அளவைக் கூட்டியதில் அரை வட்டம் வரை நேராக நிற்கிறது. முழு வட்டத்துக்கு ஃப்ளைட் கண்ட்ரோலரின் கோணத் தகவலை மேவ்லிங்க் (டிரோன் பாகங்கள் தகவல் பரிமாறும் முறை) வழியாகக் கொடுக்க வேண்டும்; அந்த வயர் இன்னும் சால்டர் செய்யவில்லை. ஜைரோவை அதிகம் நம்பும்போது அதன் அளவீடு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால், மின்சாரம் கொடுத்து ஐந்து நிமிடம் சூடேறவிட்டு, டிரோனைத் தொடாமல் ஜைரோவை மறுபடி அளவீடு செய்த பிறகே மோட்டாரைக் கிளப்புகிறோம்.