ஒன்பது கட்டைகள்: ஜூலை மாதக் குறிப்புகள்

2024 ஜூலை 6, சனி

ஆசாரி பலகையை முடித்துக் கொடுத்துவிட்டார். மூன்று சென்டிமீட்டர் கனத்தில் ஒன்பது கட்டைகள், பலகைமேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அவருக்கு மனசே இல்லை. "மூணுக்கு மூணா வரிசை பிடிச்சு ஒட்டினா அம்சமா இருக்குமேம்மா" என்றார். அப்படி ஒட்டினால் பிள்ளைகள் 'மேல் வரிசை நடு, கீழ் வரிசை ஓரம்' என்று சொற்களாக்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள், எனக்குப் பெயர் வைக்க முடியாத இடங்கள்தான் வேண்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணப் போய்விட்டார்.

இதற்குக் கோர்சி பலகை என்று பெயர். இடங்களை எவ்வளவு நினைவில் வைக்க முடிகிறது என்று பார்க்கும் சோதனைப் பலகை. மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னரிடம் ஆய்வு செய்த பிலிப் கோர்சி, 1972-இல் தந்த ஆய்வேட்டில் பயன்படுத்தியது. வலிப்புக்காக மூளையின் பொட்டு மடலில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு எந்த வகை நினைவு போயிருக்கிறது என்று பார்க்கத்தான் அவர் இதை வைத்துக்கொண்டார். நான் என் எம்.எஸ்ஸி. ஆய்வேட்டுக்காக, திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் 6 முதல் 16 வயதுவரை உள்ளவர்களிடம் பார்க்கப் போகிறேன். பெற்றோர் கையெழுத்தெல்லாம் வாங்கியாயிற்று.

ஜூலை 8, திங்கள்

இரண்டாம் வகுப்பு, நூலக அறை. நான் நொடிக்கு ஒரு கட்டை வீதம் தொட்டுக் காட்ட வேண்டும், எதிரே இருக்கும் குழந்தை அதே வரிசையில் திருப்பித் தொட வேண்டும். இரண்டு கட்டையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவேன். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டும் தப்பினால் அங்கே நிறுத்தம். கட்டைகளில் 1 முதல் 9 வரை எண் உண்டு, ஆனால் என் பக்கம் மட்டும். குழந்தைக்கு வெறும் மரம்தான் தெரியும்.

பெரும்பாலும் மூன்றிலோ நான்கிலோ நின்றுவிட்டார்கள். அந்த வயதுக்கு அது சரிதான். சரியில்லாதது என் கை. வரிசை நீள நீள, மறந்துவிடுமோ என்ற பயத்தில் நான் வேகமாகத் தொடுகிறேன். குழந்தையின் நினைவைச் சோதிக்க வந்து என் பதற்றத்தை அவர்கள்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நாளையிலிருந்து செல்போனை மடியில் வைத்து நொடிக்கொரு முறை அதிரவிடப் போகிறேன்.

"மிஸ், இது பரீட்சையா?" என்று ஒரு வாண்டு கேட்டது. விளையாட்டுதான் என்றேன். "அப்ப யார் ஜெயிச்சா?"

ஜூலை 11, வியாழன்

நூலகத்தில் வேறு ஏதோ வேலை நடக்கிறது என்று தலைமை ஆசிரியர் தன் அறையையே விட்டுக்கொடுத்தார். ஆறாம் வகுப்பு. அதில் ஒரு பையன் எட்டுக் கட்டை வரை போனான்! வளர்ந்தவர்களே சராசரியாக ஆறில் நிற்கிற சோதனை இது. அவனுக்கோ பதினொரு வயது. "இவன் மண்டையில ஒண்ணும் நிக்காதும்மா" என்று வகுப்பாசிரியை சொல்லி அனுப்பிய பையன் வேறு.

கைடுக்குப் போன் செய்தேன். "ரொம்பக் குதிக்காதே. இன்னும் பத்துப் பேரைப் பாரு" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

பார்த்தேன். அதே வகுப்பில் மூன்று பேர் ஏழு, இன்னொருவன் எட்டு. ஒரே வகுப்பில் இத்தனை மேதைகளா? வரிசைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்களோ என்று மதியத்துக்கு மேல் வேறு தொகுப்புக்கு மாறினேன். அதிலும் ஏழு.

ஜூலை 16, செவ்வாய்

பதினோராம் வகுப்பை அவர்கள் கட்டிடத்திலேயே, ஆய்வகத்தில் பார்த்தேன். ஐந்தும் ஆறுமாக வந்தது. இந்த வீச்சு, அதாவது ஒருவர் தப்பாமல் தொடக்கூடிய வரிசையின் நீளம், பதின்பருவத்தின் நடுவரை ஏறி, அப்புறம் கிட்டத்தட்ட சமமாகிவிடும் என்று படித்ததோடு பொருந்துகிறது. ஆறாம் வகுப்புதான் இடிக்கிறது.

ஒரு பெண்ணிடம் எப்படி நினைவு வைத்தாய் என்று கேட்டேன். "புள்ளி வச்ச கோலம் மாதிரி மிஸ். நீங்க தொடத்தொட மனசுல கோடு இழுத்துக்கிட்டே வருவேன்." அவள் தாளைப் புரட்டினால், தப்பியதெல்லாம் கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் வரிசைகள். பாதை சிக்கலானால் நினைவு தடுமாறும் என்று இதே பலகையை வைத்து ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கோலம் போடுபவர்களுக்கு அது தனியாகச் சொல்லத் தேவையில்லாத விஷயம்.

கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பித் தொடவும் சொன்னேன். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் திணறுவார்கள். கட்டையில் அவ்வளவு சிரமமில்லை. வந்த வழியே திரும்பி நடப்பதுபோலத்தான்.

ஜூலை 17, புதன் (மொஹரம் விடுமுறை)

வீட்டில் உட்கார்ந்து தப்புகளை மட்டும் தனியாக எழுதினேன். வழக்கமாகப் பிள்ளைகள் எப்படித் தப்புவார்கள்? பக்கத்துக் கட்டையைத் தொடுவார்கள், இல்லையென்றால் முன்பின் மாற்றித் தொடுவார்கள். அந்த ஆறாம் வகுப்பு மேதைகள் மட்டும் 2-க்குப் பதில் 5, 5-க்குப் பதில் 2 என்று தொட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அதே இரண்டு. அவை பலகையின் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. இடம் குழம்பினால் இந்தத் தப்பு வராது.

ஜூலை 18, வியாழன்

காலையில் முதல் வேலையாகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். நேரெதிரே, நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால், கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. பலகை முழுதும் எனக்குத் தெரிய வேண்டும் என்று நான் சற்று ஒதுங்கி உட்காருவது வழக்கம். அந்த இடைவெளியில் ஒன்பது எண்களும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தன. நான் கால்குலேட்டரில் வருவதுபோல மூலை வைத்து எண் எழுதுகிறவள். அப்படி எழுதிய 2 கண்ணாடியில் 5, 5 கண்ணாடியில் 2.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் பயப்படவில்லை. "நீங்க கண்ணாடியைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே மிஸ்." எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவானாம். சில நேரம் தெரிந்தபடியே படிப்பான், சில நேரம் திருப்பிப் படிப்பான். இரண்டும் கலந்துவிட்டால் போச்சு. நண்பர்களுக்கும் இவன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

அலமாரிமேல் நாளிதழை ஒட்டிவிட்டுப் புது வரிசைகள் கொடுத்தேன். ஐந்து வந்தது. நல்ல ஐந்து.

கோபம் வரவேண்டியது, வரவில்லை. உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்ச்சும் 1974-இல் செயல்படு நினைவை, அதாவது ஒரு வேலை முடியும்வரை மனசில் பிடித்து வைத்திருக்கும் நினைவை, பிரித்துக் காட்டினார்களே, சொல்லைச் சுழற்றி வைத்துக்கொள்வது ஒரு பக்கம், இடத்தையும் உருவத்தையும் வைத்துக்கொள்வது இன்னொரு பக்கம் என்று, அதைப் பரீட்சைக்காக இரண்டு வருடம் உருப்போட்டிருக்கிறேன். இந்தப் பையன் இடத்தை வைத்துக்கொள்ளும் பக்கத்துக் கணக்கைச் சொல்லை வைத்துக்கொள்ளும் பக்கத்துக்கு மாற்றி எழுதிவிட்டான். கண்ணாடி எழுத்தைப் படித்து, வரிசையைப் பிடித்து, மறுபடி கட்டையில் இறக்கி, அதையும் பத்து நொடிக்குள். வகுப்பாசிரியையிடம் இதைச் சொன்னேன். "அதான் சொன்னேனே, இதுக்கெல்லாம் மூளை வேலை செய்யும்" என்றார்.

அந்த அறையில் எடுத்த தாள்கள் முழுவதையும் கழிக்கச் சொல்லிவிட்டார் கைடு. அந்தப் பிள்ளைகளையே திரும்பச் சோதித்தால் பழக்கம் சேர்ந்துவிடும், ஆகவே வேறு பிரிவு தேட வேண்டும்.

ஜூலை 20, சனி

எண்களை மறைக்க வழி உண்டா என்று ஆசாரியிடம் பலகையைக் கொண்டுபோனேன். கதையைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். அப்புறம், "தமிழ் நம்பரு போட்டுடும்மா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்றார். நல்ல யோசனை என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒன்பதையும் தாளில் எழுதிப் பார்த்தேன். ௧, ௨, ௪, ௭, ௮. இரண்டாம் வகுப்புக் குழந்தைகூடக் க, உ, ச, எ, அ என்று கடகடவெனப் படித்துவிடும்.

திங்கட்கிழமைக்குப் பழைய நாளிதழ் நாலைந்தும் பசை டப்பாவும் எடுத்து வைத்தாயிற்று.