காரைக்குடி குடோன் வேலைக்கு இன்டர்வியூ போன கதை

காரைக்குடி பைபாஸ் பக்கம் மளிகைச் சாமான் சப்ளை செய்யும் குடோன் ஒன்றில் பிக்கர் வேலைக்கு, அதாவது ஆர்டர்படி ரேக்கிலிருந்து பொருளை எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு, ஆள் எடுத்தார்கள். போனேன், கிடைத்தது. புதுவயல், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கமிருந்து இதுமாதிரி வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆதார், பான், பாஸ்புக், பிளஸ் டூ மார்க்ஷீட் பார்த்தார்கள். பலர் மாட்டியது இனிஷியலில்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து. பிஎஃப் கணக்குக்கு ஆதார் பெயர்தான் என்பதால் எச்ஆர் அதை லேசில் விடவில்லை. முன்கூட்டியே சரிசெய்துகொண்டு போங்கள்.

மூட்டை தூக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சூப்பர்வைசரோ எடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலை, பிக் லிஸ்ட் என்பார்கள், கையில் கொடுத்து ரேக்கிலிருந்து எடுத்து வரச் சொன்னார். ஒரு வரியில் பிஸ்கட் 2 கேஸ், அதாவது 2 முழுப் பெட்டி. அடுத்த வரியில் அதே பிஸ்கட், வேறு எடை, 12 பீஸ். எனக்கு முன்னால் போன பையன் 12 பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான், பாவம். பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். பொருளின் கோட் நம்பரில் கடைசி எண்கள், அப்புறம் கேஸா பீஸா, இந்த இரண்டும் ஒத்துப்போனால் எடுங்கள்.

"தம்பி, இந்தப் பெட்டி போன மாசம் வந்தது, டிசம்பர்ல எக்ஸ்பயரி. அது நேத்து வந்தது, அக்டோபர்ல எக்ஸ்பயரி. எதை முதல்ல அனுப்புவே?" என்றார் அடுத்து. முதலில் வந்தது முதலில் போகணும் என்று மனப்பாடம் செய்து வந்தவர்கள் போன மாதப் பெட்டியைக் காட்டினார்கள். தின்கிற பொருளுக்குக் காலாவதித் தேதிதான் கணக்கு. அக்டோபர் பெட்டிதான் முதலில் கிளம்பணும்.

எத்தனை கிலோ தூக்குவாய் என்றதற்கு, "26 கிலோ சார்" என்றேன். "அதென்ன 26?" என்று சிரித்தார். அப்பா புதுவயல் அரிசி மில்லில் லோடுமேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டதும் பை 26 கிலோவாக மாறிய கதையைச் சொன்னேன். பேச்சு அப்படியே அட்டி போடுவதற்கு, அதாவது மூட்டைகளை அடுக்குவதற்குப் போனது. ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்கே. அப்போதுதான் சரியாது. பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் பலகைத் தட்டில், அட்டைப்பெட்டிக்கும் அதே முறைதான். கனமானது அடியில், லேபிள் வெளியே தெரியணும்.

கடைசியில் "ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். அங்கே வெட்கப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான். சம்பளம் கம்பெனி கணக்கிலா, கான்ட்ராக்டர் கணக்கிலா என்று கேட்டேன், கான்ட்ராக்டர் என்றார்கள். கையில் எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். மொத்தம் 14,000, அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம் 1,200, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 105. வீட்டுக்கு வருவது 12,695. ராத்திரி ஷிப்ட் முடிந்தால் பஸ் கிடைக்காது, வண்டி வேணும் என்பதும் கேட்டதால்தான் தெரிந்தது.

வாசலில் ஒருவர் யூனிஃபார்முக்கு 2,000 கட்டினால் இடம் உறுதி என்றார். உள்ளே விசாரித்தால் அப்படி ஒரு கட்டணமே இல்லை. என்னை இன்வேர்டில், அதாவது உள்ளே வரும் சரக்கை வாங்கி வைக்கும் பிரிவில், போட்டிருக்கிறார்கள், ஷூ மட்டும் நாமே வாங்கிக்கொள்ளணுமாம்.