காயல்பட்டினத்துக்கு எந்த நிறம்?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த நாளின் மழைப்பரவலை வரைந்து பார்க்க, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகைக் கட்டத் தரவை, அதாவது நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மழையளவைத் தரும் தரவை எடுத்தேன். குறுக்கே 135, நெடுக்கே 129 கட்டங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கி.மீ.

முதல் படத்தில் நாடு முழுவதும் ஒரே நீலமாக அப்பிக்கிடந்தது. தரவு இல்லாத கட்டங்களில் நிரப்பப்பட்டிருக்கும் −999 என்ற எண்ணும் மழையளவாகவே கொள்ளப்பட்டதால், நிற அளவுகோல் கீழ்நோக்கி இழுபட்டுவிட்டது. அந்த எண்ணை வரைவதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். இதில் யோசிக்க ஏதுமில்லை.

யோசிக்க வேண்டியது மறுமுனையைத்தான். −999 போன பிறகு தென்கோடியில் சில கட்டங்கள் மட்டும் அடர்ந்து நிற்க, 2 செ.மீ. பெய்த இடமும் பெய்யாத இடமும் ஒன்றுபோல் வெளிறின. எக்ஸ்அரே (xarray) என்ற பைத்தான் நிரலகத்தில் 'ரோபஸ்ட்' என்ற விருப்பம், மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி, 2ஆம், 98ஆம் சதமானங்களுக்கு இடையே மட்டும் நிறத்தை விரித்து, அதற்கு மேற்பட்ட அனைத்துக்கும் ஒரே உச்ச நிறத்தைத் தரும். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால், நிலப்பரப்பில் உள்ள சுமார் 5,000 கட்டங்களில் மேல் 2 சதவீதம் என்பது 100 கட்டங்கள்; தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் இரண்டும் சேர்ந்தே பன்னிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஊரை மூழ்கடித்த மழைக்கும் குடையோடு சமாளித்த மழைக்கும் ஒரே நிறம் பூசும் படத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒதுங்கி நிற்கும் எண் பிழையா, உண்மையா என்பதை அக்கம்பக்கத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அன்று திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாகியிருக்கும்போது, காயல்பட்டினத்தின் எண்ணைச் சந்தேகிக்க இடமில்லை. (நிலையங்களின் அளவுகளை இடைக்கணித்துப் பெறுவதால், கட்டத்தின் மதிப்பு பெரும்பாலும் நிலையத்தின் உச்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.)

சிறிய எண்களை விரித்தும் பெரிய எண்களை நெருக்கியும் காட்டும் மடக்கை (log) அளவுகோலையும் முயன்றேன். சுழியத்துக்கு மடக்கை இல்லாததால் மழையற்ற கட்டங்கள் வெற்றிடங்களாயின. இறுதியில், வானிலைத் துறையின் வகைப்பாட்டையே நிற எல்லைகளாகக் கொண்டேன்: 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை. அதி கனமழை என்ற ஒரே வகைக்குள் 21 செ.மீ.யும் 60 செ.மீ.யும் கலந்துவிடாதபடி 300, 400 மி.மீ. என மேலும் இரண்டு எல்லைகளை நானாகச் சேர்த்தேன். கடைசி எல்லையைத் தாண்டிய மதிப்புகளும் உண்டு என்று காட்ட, நிறப்பட்டையின் மேல்முனையை முக்கோணமாகத் திறந்து விட்டு, அதன் அருகே அன்றைய உச்ச மதிப்பையும் எண்ணாலேயே எழுதினேன்.