ஆலை ஓரத்து இலந்தைப்பழத்தைச் சோதிக்க

தொழிற்பேட்டைச் சுவருக்குப் பக்கத்தில் காய்க்கும் இலந்தையைத் தின்னலாமா என்று கேட்டால், மண்ணை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு வழியில் பழத்துக்கு வரும். ஈயம் பெரும்பாலும் தூசியாகப் பழத்தின் மேல் படியும். காட்மியமும் நிக்கலும் வேர் வழியாக ஏறும், அமிலத்தன்மை கூடிய மண்ணில் இன்னும் எளிதாக. குரோமியத்தைச் செடி பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும்.

அதனால் ஒரே மரத்துப் பழத்தை இரண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். கிளையிலிருந்து பறித்தது அரை கிலோ, உதிர்ந்ததைப் பொறுக்கியது அரை கிலோ. ஒவ்வொன்றிலும் பாதியைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். மறுபாதியை அப்படியே விடுங்கள். கழுவியதற்கும் கழுவாததற்கும் உள்ள வித்தியாசம்தான் தூசியின் பங்கு. கழுவிய பிறகும் எண் இறங்கவில்லை என்றால் அது பெரும்பாலும் சதைக்குள் இருக்கிறது, கழுவிப் பயனில்லை. கொட்டையை நீக்கிவிட்டுத் தோலோடு சதையை மட்டும் கொடுங்கள். தொழிற்சாலையே இல்லாத, ஆலையை நோக்கிக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையில் உள்ள ஊரிலிருந்து அதே வகைப் பழமும் ஒரு மாதிரி வேண்டும். அது இல்லாமல் எந்த எண்ணையும் ஒப்பிட முடியாது.

எவர்சில்வர் கத்தியும் கரண்டியும் வேண்டாம். அதில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. நாம் தேடுவதை நாமே கலந்துவிடுவோம். பிளாஸ்டிக் கரண்டி, நைலான் சல்லடை, புது ஜிப் கவர் போதும்.

மண்ணை மரத்தைச் சுற்றி 10 இடங்களில் எடுத்துக் கலக்குங்கள். மேல் 5 செ.மீ. தனி, 5 முதல் 20 செ.மீ. வரை தனி. மேல்மண்ணில் மட்டும் எண் எகிறினால் அது பெரும்பாலும் காற்றில் வந்து படிந்தது. நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலித்து, அமிலத்தன்மையையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

அதிகம் பேர் தவறுவது ரிப்போர்ட்டைப் படிப்பதில். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு பழத்துக்கு ஈயம் கிலோவுக்கு 0.1 மி.கி., அதுவும் ஈர எடையில், அதாவது பழத்தைத் தண்ணீரோடு எடை போட்டு. ஆய்வகம் உலர் எடையில் 0.4 என்று தந்தால், பழத்தில் 80% தண்ணீர் என்று வைத்து ஐந்தால் வகுக்க வேண்டும்: 0.08. ஆய்வகத்தால் உலர் எடையில் 1 மி.கி.க்குக் கீழே அளக்கவே முடியாதென்றால், 'கண்டறியப்படவில்லை' என்ற வரிக்கு மதிப்பே இல்லை. மாதிரியைக் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

ராணிப்பேட்டை போன்ற இடத்தில் இன்னொரு வேலையும் உண்டு. அங்கே மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால், அதில் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் (Cr VI) எவ்வளவு என்று தெரியாது. மாதிரியை அமிலத்தில் சூடாக்கிக் கரைக்கும் வழக்கமான அமிலச் செரிப்பில் அந்த வேறுபாடே அழிந்துவிடும். காரக் கரைசலில் பிரித்தெடுக்கும் முறையைத் தனியாகக் கேட்க வேண்டும். இதற்கான மண்ணை உலர்த்தக் கூடாது. ஈரத்தோடு மூடி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து அனுப்புங்கள்.

இலந்தை வடைக்குத் தனி மாதிரி எடுங்கள். உதிர்ந்த பழத்தை மிளகாய், உப்போடு இடித்துச் சாலையோரம் காய வைக்கிறார்கள். தண்ணீர் வற்றி உலோகம் செறியும். காயும்போது தூசியும் ஒட்டும். பச்சைப் பழத்தில் வரம்புக்குள் இருந்த அதே 0.08, வடை நன்றாகக் காய்ந்தால் 0.4-ஐ நோக்கி ஏறும்.